போகவா, இருக்கவா? புகுஷிமா கற்பித்த பாடம்

ஒரு கேள்வியுடன் தொடங்குவோம். நீங்கள் ஒரு கடற்கரை ஊரின் தீயணைப்பு வீரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிற்பகலில் சுனாமி வந்து ஊரின் ஒரு பகுதியையே வாரிக்கொண்டு போய்விட்டது. இரவு நேரம். இடிந்த வீடுகளின் மரக்குவியலுக்கு அடியிலிருந்து யாரோ முனகும் குரல் கேட்கிறது. எதையோ தட்டும் ஓசையும் கேட்கிறது. உங்களிடம் போதிய ஆட்களும் இல்லை, கருவிகளும் இல்லை. மறுபடியும் அலை வருமோ என்ற அச்சம் வேறு. விடிந்ததும் ஆட்களோடும் கருவிகளோடும் திரும்பி வருவது என்று முடிவு செய்கிறீர்கள்.

விடிகிறது. புறப்படும் வேளையில் ஓர் ஆணை வருகிறது. அருகிலுள்ள அணுமின் நிலையத்தில் பெருங்கோளாறு; பத்து கிலோமீட்டருக்குள் இருப்பவர் அனைவரும் உடனே வெளியேற வேண்டும்! இடிபாடுகளுக்கு அடியில் சிலர் உயிரோடு இருக்கக்கூடும். ஊருக்குள்ளோ பல ஆயிரம் பேர் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களை வெளியேற்றும் பொறுப்பும் உங்களுடையதே. நீங்கள் எந்தப் பக்கம் போவீர்கள்?

இது கற்பனை அன்று. 2011 மார்ச் 12 காலையில் ஜப்பான் நாட்டின் நமியே நகரத் தீயணைப்பு வீரர்களுக்கு நேர்ந்த நிலை இது. குரல் கேட்ட இடம் அந்நகரைச் சேர்ந்த உகேதோ என்னும் மீனவர் பகுதி. புகுஷிமா டாய்ச்சி அணுமின் நிலையத்திலிருந்து அது சில கிலோமீட்டர் வடக்கே இருக்கிறது. வீரர்கள் ஆணைக்குக் கட்டுப்பட்டு மக்களை அழைத்துக்கொண்டு வெளியேறினார்கள். உகேதோவில் தேடும் பணி மீண்டும் தொடங்கியது ஏப்ரல் நடுவில்தான். இடையில் ஒரு மாதம் ஓடிவிட்டது. அந்தக் குரல்களைக் கேட்டவர்கள் அதை இன்றுவரை மறக்கவில்லை.

பேரிடரில் சிக்கியவர்களுக்கு உதவ வேண்டும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் உதவச் செல்லும் இடத்திலேயே மற்றோர் அபாயம் காத்திருந்தால் என்ன செய்வது? மக்களை வெளியேற்றுவது எப்போதும் நல்லதுதானா? வெளியேற்றத்தால் ஆபத்தே இல்லையா? இவற்றை அறிவியல் முறையில் எடைபோட முடியுமா? புகுஷிமாவில் நடந்தவற்றைக் கொண்டு இக்கேள்விகளை ஆராய்வோம்.

நிறுத்தினாலும் அணையாத நெருப்பு

2011 மார்ச் 11 பிற்பகல் 2 மணி 46 நிமிடத்துக்கு ஜப்பானின் வடகிழக்குக் கரைக்கு அப்பால் கடலடியில் 9.0 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டது. புகுஷிமா டாய்ச்சி நிலையத்தில் ஆறு உலைகள் இருந்தன. அவற்றில் மூன்று அப்போது இயங்கிக்கொண்டிருந்தன. நிலம் குலுங்கியதும் கட்டுப்பாட்டுத் தண்டுகள் தாமாகவே உள்ளே சென்று அணுப்பிளவை நிறுத்திவிட்டன. இதுவரை எல்லாம் திட்டப்படியே நடந்தது.

பின் ஏன் விபத்து? அணு உலை, விறகு அடுப்பைப் போன்றதன்று. பிளவு நின்ற பிறகும் எரிபொருளில் உள்ள கதிரியக்கப் பொருள்கள் சிதைந்துகொண்டே இருக்கும். அச்சிதைவிலிருந்து வெப்பம் வரும். உலையை நிறுத்தியவுடன் இவ்வெப்பம் முழுத் திறனில் சுமார் 6 அல்லது 7 சதவீதமாக இருக்கும். ஒரு நாள் கழித்தும் அரைச் சதவீதம் அளவுக்கு இருக்கும். அரைச் சதவீதம்தானே என்று எண்ணிவிடாதீர்கள். இரண்டாம் உலையின் வெப்பத் திறன் சுமார் 23 லட்சத்து 80 ஆயிரம் கிலோவாட். அதில் அரைச் சதவீதம் என்றால் ஏறத்தாழ 12,000 கிலோவாட். ஒரு கிலோவாட் மின் அடுப்புகள் பன்னிரண்டாயிரத்தை ஒரே பாத்திரத்துக்குள் வைத்து எரிப்பதற்குச் சமம் இது! ஆகவே நிறுத்திய உலைக்கும் இடைவிடாமல் நீர் பாய்ச்சிக் குளிர்விக்க வேண்டும். நீர் பாய்ச்சப் பம்பு வேண்டும். பம்புக்கு மின்சாரம் வேண்டும்.

நிலநடுக்கத்தில் வெளி மின்சாரம் அறுந்தது. டீசல் ஜெனரேட்டர்கள் ஓடத் தொடங்கின. ஐம்பது நிமிடங்கள் கழிந்ததும் சுனாமி வந்தது. அந்நிலையம் எதிர்பார்த்திருந்த அலையின் உயரம் சுமார் 6 மீட்டர்தான். வந்த நீரோ ஏறத்தாழ 14, 15 மீட்டர் உயரத்துக்கு ஏறியது. ஜெனரேட்டர்களும் மின் பலகைகளும் நீரில் மூழ்கின. குளிர்விப்பு நின்றது. அடுத்த சில நாட்களில் மூன்று உலைகளிலும் எரிபொருள் உருகிற்று. மிகுந்த வெப்பத்தில் எரிபொருளின் உலோக உறை நீராவியுடன் வினைபுரிந்து ஹைட்ரஜனை உண்டாக்கியது. அவ்வாயு கட்டடங்களுக்குள் சேர்ந்து வெடித்தது.

வட்டம் விரிந்த கதை

மார்ச் 11 இரவு 9 மணி 23 நிமிடத்துக்கு மூன்று கிலோமீட்டருக்குள் உள்ளவர்கள் வெளியேற வேண்டும் என்று அரசு ஆணையிட்டது. மறுநாள் காலை 5 மணி 44 நிமிடத்துக்கு அவ்வட்டம் பத்து கிலோமீட்டராயிற்று. பிற்பகல் 3 மணி 36 நிமிடத்துக்கு முதல் உலைக் கட்டடம் வெடித்தது. மாலை 6 மணி 25 நிமிடத்துக்கு வட்டம் இருபது கிலோமீட்டராக விரிந்தது. 15ஆம் தேதியன்று, இருபதிலிருந்து முப்பது கிலோமீட்டருக்குள் இருப்பவர்கள் வீட்டை விட்டு வெளியே வரவேண்டாம் என்று அறிவித்தார்கள். 20 கிலோமீட்டர் வட்டத்துக்குள் வாழ்ந்தவர்கள் சுமார் 78,000 பேர். பலர் ஓரிரு நாளில் திரும்பிவிடலாம் என்றெண்ணிப் பணப்பையை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். வட்டம் விரிய விரிய, ஓரிடத்தில் தங்கியவர்கள் மறுபடி மறுபடி கிளம்ப வேண்டியதாயிற்று.

காகிதத்தில் காம்பஸ் வைத்து வட்டம் வரைவது எளிது. ஆனால் காற்று வட்டமாக வீசுவதில்லையே! அந்நாட்களில் காற்று பெரும்பாலும் கடலை நோக்கி வீசியது. இது ஜப்பானின் நல்வாய்ப்பு. 15ஆம் தேதியோ காற்று வடமேற்காகத் திரும்பியது. அன்று மாலையும் இரவும் அப்பகுதியில் மழையும் பனியும் பெய்தன. காற்றிலிருந்த கதிரியக்கத் துகள்கள் மழையோடும் பனியோடும் தரையில் படிந்தன. முப்பது கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த இடாதே என்ற கிராமம் இவ்வாறு பெரிதும் மாசடைந்தது. மற்ற இடங்களிலிருந்து வந்தவர்களுக்கு அடைக்கலம் கொடுத்த கிராமம் அது.

நமியே நகர மக்களுக்கு நடந்தது இன்னும் வருந்தத்தக்கது. ஆயிரக்கணக்கானவர்கள் கடற்கரையை விட்டு மலைப்பாங்கான சுஷிமா பகுதிக்குச் சென்று தங்கினார்கள். சுஷிமா இருப்பது நிலையத்துக்கு வடமேற்கில். துகள்கள் சென்றதும் அதே திசையில்தான். காற்றின் போக்கைக் கணித்துச் சொல்லும் ஒரு கணிப்பொறி ஏற்பாடு ஜப்பானிடம் இருந்தது. அதன் கணிப்பை மக்களுக்கு வெளியிட்டது மார்ச் 23ஆம் தேதிதான். இன்னொரு பக்கம், குரல்கள் கேட்ட உகேதோ கடற்கரையில் படிந்த கதிரியக்கம் சுஷிமாவோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு என்று பிற்கால அளவீடுகள் காட்டின. தூரம் மட்டுமே அபாயத்தைத் தீர்மானிப்பதில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

பேருந்தில் நேர்ந்த சாவுகள்

இனித் தராசின் மறுதட்டைப் பார்ப்போம். நிலையத்திலிருந்து சுமார் ஐந்து கிலோமீட்டர் தூரத்தில் ஒரு மருத்துவமனை இருந்தது. முந்நூறுக்கும் மேற்பட்ட நோயாளிகள். பலர் மிக முதியவர்கள். படுக்கையை விட்டு எழ முடியாதவர்கள். அதைச் சேர்ந்த முதியோர் இல்லத்தில் மேலும் சுமார் நூறு பேர். 12ஆம் தேதி பேருந்துகள் வந்தன. நடக்கக்கூடிய இருநூறு பேர் போல ஏறிச் சென்றார்கள். மற்றவர்களை ஏற்றிச் செல்ல வாகனம் வந்தது 14ஆம் தேதிதான். மின்சாரம் இல்லை, குழாய் நீர் இல்லை, கடுங்குளிர்.

வந்ததும் ஆம்புலன்ஸ் அன்று, சாதாரணப் பேருந்து. படுத்தே கிடந்தவர்களை இருக்கைகளில் உட்கார வைத்தார்கள். கதிரியக்கச் சோதனைக்காக முதலில் வடக்கே போய், அபாய வட்டத்தைச் சுற்றிக்கொண்டு, தெற்கிலுள்ள இவாகி நகரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றை அடைந்தார்கள். இருநூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பயணம். சுமார் பத்து மணி நேரம். வழியிலேயே சிலர் இறந்துவிட்டனர். பள்ளிக்கூடத்தில் மருத்துவ வசதியும் இல்லை. இருபது கிலோமீட்டர் வட்டத்துக்குள் இருந்த மருத்துவமனைகளிலிருந்தும் முதியோர் இல்லங்களிலிருந்தும் வெளியேற்றப்பட்டவர்களில் குறைந்தது 60 பேர் அம்மாத இறுதிக்குள் உயிரிழந்தனர் என்று ஜப்பான் நாடாளுமன்றம் அமைத்த விசாரணைக் குழு கண்டறிந்தது. அவர்களைக் கொன்றது கதிர்வீச்சு அன்று. குளிர், நீரிழப்பு, மருந்தும் சிகிச்சையும் தடைப்பட்டமை ஆகியவையே காரணம்.

சாவு அத்தோடு நிற்கவில்லை. பலருக்கு அடிக்கடி இருப்பிடம் மாறியது. பழகிய உணவும், மருந்தும், கவனித்துக்கொள்ளும் ஆளும் மாறின. இவ்வாறு நலிந்து இறந்தவர்களை ஜப்பானில் 'பேரிடர் சார்ந்த மரணம்' என்று தனியாகக் கணக்கிடுகிறார்கள். புகுஷிமா மாநிலத்தில் இவ்வகையில் இறந்தவர்கள் 2,300க்கும் மேல். அம்மாநிலத்தில் நிலநடுக்கத்திலும் சுனாமியிலும் நேரடியாக இறந்தவர்கள் சுமார் 1,600 பேர்! எல்லாச் சாவுக்கும் வெளியேற்றம் ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அதற்குப் பெரும்பங்கு உண்டு.

கதிர்வீச்சை எடைபோடுவது எப்படி?

ஒருவர் உடல் ஏற்கும் கதிர்வீச்சின் பாதிப்பை மில்லிசீவர்ட் என்ற அலகால் அளக்கிறார்கள். மண், பாறை, காற்று, உணவு, விண்வெளி ஆகியவற்றிலிருந்து நாம் ஒவ்வொருவரும் ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் பெறுகிறோம். உடலின் ஒரு பகுதியை ஒருமுறை சி.டி. ஸ்கேன் எடுத்தால் 10 மில்லிசீவர்ட் அளவுக்குக் கிடைக்கலாம். ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கில் பெற்றால் சில வாரங்களில் சாவு நேரலாம். குறைந்த அளவில் உள்ள கவலை வேறு. பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோய் வரும் வாய்ப்பு சற்றுக் கூடுகிறது.

எவ்வளவு கூடுகிறது? 100 மில்லிசீவர்ட் பெற்றவருக்குப் புற்றுநோயால் சாகும் வாய்ப்பு சுமார் அரைச் சதவீதம் கூடும் என்பது பாதுகாப்புக்காக உலகெங்கும் கையாளும் கணக்கு. இக்கணக்கின்படி ஆயிரம் பேர் ஆளுக்கு 20 மில்லிசீவர்ட் பெற்றால், அவர்களுடைய வாழ்நாள் முழுவதிலும் ஒருவர் கூடுதலாகப் புற்றுநோயால் இறக்கக்கூடும். கதிர்வீச்சு இல்லாவிட்டாலும் அந்த ஆயிரம் பேரில் ஏறத்தாழக் கால்பங்கினர் புற்றுநோயால் இறப்பவர்களே.

இப்போது தராசைத் தூக்குங்கள். 85 வயதுப் பாட்டி ஒருவர் படுக்கையில் இருக்கிறார். கதிர்வீச்சால் வரும் புற்றுநோய் தலைகாட்டப் பெரும்பாலும் பத்து, இருபது ஆண்டுகள் ஆகும். ஆகவே சிறிய அளவுக் கதிர்வீச்சால் அவருக்கு நேரும் தீங்கு மிகச் சிறிது. பேருந்தில் பத்து மணி நேரம் உட்கார வைத்தால் நேரும் தீங்கோ அன்றைக்கே நேரும். அதே இடத்தில் இரண்டு வயதுக் குழந்தை இருந்தால்? அதன் முன்னே எழுபது, எண்பது ஆண்டுகள் இருக்கின்றன. அதன் தைராய்டு சுரப்பி கதிரியக்க அயோடினால் எளிதில் பாதிக்கப்படும். பேருந்துப் பயணம் அதற்கு ஓர் அலுப்பு, அவ்வளவுதான். பாட்டியைப் பொறுத்தவரை தட்டு ஒரு பக்கம் தாழ்கிறது. பேத்தியைப் பொறுத்தவரை மறுபக்கம் தாழ்கிறது. இருவருக்கும் ஒரே ஆணை, ஒரே நேரத்தில், ஒரே பேருந்து என்பதுதான் பிழை.

வெளியேற்றியதே தவறா?

அவசரப்பட்டு அந்த முடிவுக்கும் வந்துவிடக் கூடாது. 1986 ஏப்ரல் 26 அன்று சோவியத் நாட்டில் செர்னோபில் உலை வெடித்தது. மூன்று கிலோமீட்டர் தூரத்தில் இருந்த பிரிப்யாத் நகரில் குழந்தைகள் அன்று முழுவதும் வெளியே விளையாடினார்கள். சுமார் 49,000 மக்களை வெளியேற்றியது மறுநாள் பிற்பகலில்தான். பல கிராமங்களில் மக்கள் மாசடைந்த பாலைக் குடித்துக்கொண்டே இருந்தார்கள். புல்லில் படிந்த அயோடின் 131, புல்லிலிருந்து மாட்டுக்கும், மாட்டிலிருந்து பாலுக்கும், பாலிலிருந்து குழந்தைகளின் தைராய்டுக்கும் சென்றது. 2005 வரையில், விபத்தின்போது சிறுவர்களாக இருந்தவர்களிடையே 6,000க்கும் மேற்பட்ட தைராய்டுப் புற்றுநோய்கள் கண்டறியப்பட்டன. அவற்றில் பெரும்பங்குக்கு இப்பாலே காரணம். அயோடின் 131இன் அரை ஆயுள் எட்டு நாட்கள். எண்பது நாட்களில் அது ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். முதல் சில வாரங்கள் பாலைத் தடுத்திருந்தாலே பெரும் தீங்கைத் தவிர்த்திருக்கலாம்.

புகுஷிமாவில் உணவையும் பாலையும் விரைவில் தடுத்தார்கள், மக்களையும் வெளியேற்றினார்கள். வெளியேறியவர்கள் முதல் ஆண்டில் பெற்ற கதிர்வீச்சு சராசரியாகச் சில மில்லிசீவர்ட் மட்டுமே. இவ்விபத்தின் கதிர்வீச்சால் பொதுமக்களிடையே புற்றுநோய் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் கூடும் என்று எதிர்பார்க்கவில்லை என ஐக்கிய நாடுகள் சபையின் அறிவியல் குழு கூறியுள்ளது. அளவு குறைவாக இருந்ததற்கு வெளியேற்றமும் ஒரு காரணம் என்பதை மறக்கலாகாது.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். இத்தனை எண்களும் பின்னால் தெரிந்தவை. மார்ச் 12 அன்று முடிவெடுத்தவர்களுக்கு உலைக்குள் என்ன நடக்கிறது என்றே தெரியாது. மின்சாரம் இல்லாததால் அளவுமானிகளே இயங்கவில்லை. நான்காம் உலையின் மேல்தளத் தொட்டியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயன்படுத்திய எரிபொருள் கட்டுகள் கிடந்தன. அத்தொட்டி வற்றிவிட்டால் என்ன ஆகும்? அந்நாட்டு அணுசக்திக் குழுவின் அன்றைய தலைவர் ஷுன்சுகே கோண்டோ, பிரதமர் நவோதோ கானுக்கு மார்ச் 25ஆம் தேதி ஒரு மிக மோசமான நிலைக் கணிப்பை அளித்தார். நிலைமை கைமீறினால் 170 கிலோமீட்டர் வரை மக்களைக் கட்டாயமாக வெளியேற்ற நேரலாம். 250 கிலோமீட்டர் வரை தாமாகவே வெளியேற விரும்புவோரையும் அனுமதிக்க நேரலாம் என்றது அது. தோக்கியோ பெருநகரம் இந்த எல்லைக்குள் அடங்கும். சுற்றுப்புறங்களையும் சேர்த்தால் அங்கே வாழ்வோர் மூன்று கோடிக்கும் மேல்! நல்லவேளையாக அந்நிலை வரவில்லை.

நடக்கும் வாய்ப்பு சிறிது. நடந்தால் விளைவு பெரிது. வெளியேற்றத்தின் தீங்கோ உறுதி. ஆனால் அது ஒரு பிரிவினர் மீதே பெரும்பாலும் விழுகிறது. இவ்விரண்டையும் ஒரே நேரத்தில் கருதுவதே கடினம்.

உதவுவோரின் கணக்கு

வீட்டுக்குள்ளேயே இருங்கள் என்று சொன்னால் போதுமா? உணவு யார் தருவது? முப்பது கிலோமீட்டர் வட்டத்தில் பாதி அகப்பட்ட மினமிசோமா நகரில் இந்நிலை வந்தது. கதிர்வீச்சுக்கு அஞ்சி லாரிகள் ஊருக்குள் வர மறுத்தன. கடைகள் காலியாயின, பெட்ரோல் தீர்ந்தது, மருத்துவமனைகளில் மருந்து குறைந்தது. நகரத் தலைவர் கட்சுனோபு சகுராய் இணையத்தில் காணொளி வெளியிட்டு உலகத்திடம் உதவி கேட்க வேண்டியதாயிற்று. அந்நாட்களில் அந்நகரில் பெரும்பாலான இடங்களில் சில மணி நேரம் நின்று சரக்கு இறக்கியவருக்குப் பெருந்தீங்கு நேர்ந்திருக்காது. அதை லாரி ஓட்டுநருக்கு எண்ணிக்கையோடு விளக்கிச் சொல்ல ஆளில்லை.

இக்கணக்கு கடினமானதன்று. ஓரிடத்தில் மணிக்கு 0.1 மில்லிசீவர்ட் வீதம் கதிர்வீச்சு இருக்கிறது என்று கொள்வோம். அங்கே ஐந்து மணி நேரம் தேடும் மீட்பு வீரர் பெறுவது அரை மில்லிசீவர்ட். அதே இடத்தில் ஓராண்டு முழுவதும் குடியிருப்பவர் பெறுவது 800க்கும் மேல். குடியிருக்கத் தகாத இடம், மீட்புப் பணிக்குத் தகுந்த இடமாக இருக்கலாம்! வீதத்தையும் நேரத்தையும் பெருக்கிப் பார்க்க வேண்டும். அதற்கு வீரர் சட்டையில் கதிர்வீச்சுமானி இருக்க வேண்டும். நிலையத்தின் நிலைமையை உடனுக்குடன் சொல்லும் ஆளும் இருக்க வேண்டும். உகேதோவுக்குச் செல்ல இருந்த வீரர்களுக்கு இவ்விரண்டும் கிடைக்கவில்லை. அன்று பிற்பகலில் உலைக் கட்டடம் வெடித்ததையும் எண்ணிப் பார்த்தால், அவர்கள் எடுத்த முடிவைக் குறைகூற நமக்கு உரிமையில்லை.

எல்லா இடத்திலும் இத்தகைய சிக்கல் எழவில்லை. வடக்கே ஒனகாவா என்ற ஊரிலும் ஓர் அணுமின் நிலையம் உண்டு. முன்யோசனையோடு உயரமான தளத்தில் கட்டியதால் அது தப்பியது. வீடிழந்த முந்நூறுக்கும் மேற்பட்ட மக்கள் அந்நிலையத்தின் விளையாட்டுக் கூடத்திலேயே அடைக்கலம் புகுந்தார்கள்! அந்த ஒனகாவாவில் தேடும் பணிக்கு நம் நாட்டின் தேசியப் பேரிடர் மீட்புப் படையைச் சேர்ந்த 46 பேர் சென்று உழைத்தார்கள் என்பது நமக்குப் பெருமை.

கற்ற பாடங்கள்

மினமிசோமாவின் ஐந்து முதியோர் இல்லங்களில் இருந்த 328 பேரை ஆராய்ச்சியாளர்கள் பின்னர் ஆராய்ந்தார்கள். வெளியேற்றத்துக்குப் பிறகு இறப்பு வீதம் முன்பிருந்ததைப்போல் 2.7 மடங்கு ஆகியிருந்தது. ஆனால் எல்லா இல்லங்களிலும் ஒரே மாதிரி இல்லை. போகும் இடத்தை முன்னதாகவே ஏற்பாடு செய்து, உணவும் பராமரிப்பும் தடைப்படாமல் அழைத்துச் சென்ற இடத்தில் தீங்கு குறைந்தது. ஆகவே கொல்வது பயணம் என்பதைவிட, ஆயத்தமில்லாத பயணம் என்பதே பொருத்தம்.

இடாதே கிராமத்தில் மற்றோர் எடுத்துக்காட்டு. கிராம மக்கள் எல்லாரும் வெளியேற வேண்டும் என்று ஏப்ரலில் ஆணை வந்தது. அங்கிருந்த முதியோர் இல்லத்தில் சுமார் நூறு பேர். கட்டடத்துக்குள் கதிர்வீச்சை அளந்து பார்த்தார்கள். வெளியே இருப்பதைவிட உள்ளே மிகக் குறைவு. முதியவர்கள் அங்கேயே இருப்பது, பணியாளர்கள் வெளியூரிலிருந்து நாள்தோறும் வந்து போவது என்று முடிவாயிற்று. அரசும் இசைந்தது. அளந்தார்கள், எடைபோட்டார்கள், ஆளுக்கேற்ப முடிவெடுத்தார்கள்.

இன்று ஜப்பானின் விதிகள் மாறியிருக்கின்றன. நிலையத்திலிருந்து 5 கிலோமீட்டருக்குள் இருப்பவர்கள் கசிவுக்கு முன்பே வெளியேற ஆயத்தமாக இருக்க வேண்டும். 5 முதல் 30 கிலோமீட்டர் வரை இருப்பவர்கள் முதலில் கட்டடங்களுக்குள் தங்க வேண்டும். அளவீடுகளைப் பார்த்த பிறகு தேவையான பகுதியினர் மட்டும் வெளியேறுவர். பயணத்தைத் தாங்க முடியாத நோயாளிகளும் முதியவர்களும் தங்குவதற்கு, காற்று வடிகட்டிகள் பொருத்திய கட்டடங்களை அமைத்திருக்கிறார்கள். தடித்த கான்கிரீட் கட்டடம், தரையில் படிந்த துகள்களிலிருந்து வரும் கதிர்வீச்சில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும்.

இப்பாடம் அணு உலைகளுக்கு மட்டும் உரியதா? இல்லை. நம் நாட்டில் புயல் வருகிறது. 1999இல் ஒரிசாவைத் தாக்கிய பெரும்புயலில் ஏறத்தாழப் பத்தாயிரம் பேர் இறந்தனர். 2019இல் அதே கரையை ஃபானி புயல் தாக்குமுன் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வெளியேற்றினார்கள். இறந்தவர்கள் நூற்றுக்கும் குறைவு. புயலுக்குத் தேதி உண்டு, திசை உண்டு, ஓரிரு நாளில் ஓய்ந்துவிடும். தங்கும் கட்டடமும் அருகிலேயே இருக்கிறது. எனவே அங்கே வெளியேறுவதே சரி என்பதில் ஐயமில்லை. வெள்ளம், நச்சுவாயுக் கசிவு, எரிமலை என ஒவ்வொன்றுக்கும் கணக்கு வேறு. 2004 டிசம்பர் 26 அன்று நம் கல்பாக்கத்திலும் கடல்நீர் அணுமின் நிலையத்தின் நீரேற்றும் பகுதிக்குள் புகுந்தது. இயங்கிய உலையைப் பாதுகாப்பாக நிறுத்திவிட்டார்கள். ஆனால் பணியாளர் குடியிருப்பில் பல உயிர்களை அலை கொண்டு சென்றது. அலையும் உலையும் ஒரே கரையில் இருக்கும் ஊர்கள் நமக்கும் உண்டு.

எந்தப் பேரிடராயினும் கேட்க வேண்டிய கேள்விகள் சிலவே. இருந்தால் என்ன தீங்கு? போனால் என்ன தீங்கு? அத்தீங்கு யாருக்கு, எப்போது நேரும்? பாதுகாப்பாக உள்ளேயே இருக்க வழியுண்டா. உண்டென்றால் எத்தனை நாள்? போகிறவரை ஏற்றுக்கொள்ளும் இடமும் மருந்தும் ஆளும் ஆயத்தமா? விடைகளை அபாய மணி அடித்த பிறகு தேடுவதில் பயனில்லை. உங்கள் தெருவில் நடக்க முடியாதவர்கள் எத்தனை பேர், அவர்களைத் தூக்கிச் செல்ல யார், எதில், எங்கே என்பது இன்றே தெரிந்திருக்க வேண்டும்.

மீண்டும் உகேதோவுக்கு வருவோம். அங்கே கடலிலிருந்து சில நூறு மீட்டரில் ஒரு தொடக்கப்பள்ளி இருந்தது. நிலம் குலுங்கியதும் ஆசிரியர்கள் தயங்கவில்லை. சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் தூரத்தில் உள்ள குன்றை நோக்கிச் சிறுவர்களை அழைத்துச் சென்றார்கள். அலை வந்து பள்ளியின் இரண்டாம் தளம் வரை ஏறியது. பள்ளியில் இருந்த சிறுவர்கள் அனைவரும் பிழைத்தார்கள். சிதைந்த அக்கட்டடம் 2021 முதல் நினைவுக்கூடமாகத் திறந்திருக்கிறது. அந்த ஊரிலேயே ஒரு வெளியேற்றம் அத்தனை பிள்ளைகளையும் காத்தது. மறுநாள் வந்த இன்னொரு வெளியேற்றம், உதவி கேட்டவர்களை இடிபாடுகளில் விட்டுச்செல்ல வைத்தது. இரண்டையும் பார்த்தவர்களுக்குப் போவதா, இருப்பதா என்ற கேள்விக்கு ஒரே விடை இல்லை என்பது விளங்கும். அளந்து பார்த்து, ஆளுக்கேற்றபடி, முன்கூட்டியே கண்டுவைத்த விடைதான் உயிர் காக்கும்.